சலவைக்குப் போன காசுகள்

பக்கத்து வீட்டில் திருடன் நுழைந்த மறுநாளே என் வீட்டில் எல்லோருக்கும் என் காசுகள் மேல் பாசம் பொங்கிவிட்டது. அதுவரைக்கும் அவை 'அம்மாவோட ஓட்டைக் காசு'. அன்றிலிருந்து 'நம்ம வெள்ளி'.

மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் வங்கியில் லாக்கர் எடுத்துவிட்டு வந்தார்.

"உங்க பேரையும் சேர்க்கலாம்னுதான் பார்த்தேன் அத்தை. நேர்ல வந்து கையெழுத்து போடணும்னாங்க. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு எங்க ரெண்டு பேர் பேர்லயே போட்டுட்டேன்."

"சாவி?"

"என்கிட்டதான் இருக்கும். பத்திரமா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு கட்டில், அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி. கடையை மகளிடம் கொடுத்துவிட்டேன். சமையலறையும் அவள் கைக்குப் போய்விட்டது. பெட்டியும் போனால் நான் இங்கே விருந்தாளி. நான் விடுவதாக இல்லை.

எங்கள் தொழில் சலவை. ஊரார் துணியில் இருந்த கறையையெல்லாம் என் கையால் போக்கியிருக்கிறேன். சட்டைப்பையில் கிடந்த ஒரு காசைக்கூட எனதாக்கிக்கொண்டதில்லை. இந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் பழைய சாமான் கடைகளிலும் ஏலத்திலும் என் சொந்தப் பணத்தில் வாங்கியவை. அச்சடிக்கும்போது ராசா தலை இரண்டு தடவை பதிந்துவிட்ட காசு, யாரோ கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்ட காசு, மூடி தேய்ந்த வெள்ளிப் பொடி டப்பா, கைப்பிடி வளைந்த கரண்டி. எல்லாமே கரிச்சட்டி நிறம். பழைய வெள்ளிக் காசுக்குக் கறுப்புதான் மவுசு. தேய்த்தால் கறுப்போடு மேல்தோலும் போகும், முகம் மழுங்கும். அப்புறம் சேகரிக்கிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான், எடைக்குத்தான் போகும். ஊரையே வெளுத்த நான் இவற்றின் மேல் ஒரு ஈரத்துணிகூடப் போட்டதில்லை.

லாக்கர் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக் காப்பீடு எடுக்கலாமா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். ஆள் வந்து மதிப்புப் போடும் என்றார்கள். மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால் பெட்டி வீட்டிலேயே இருக்கலாம். தாண்டினால் லாக்கரில் வைத்தால்தான் காப்பீடு. தாண்டும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும், அதனால்தான் அவர் முகத்தில் அத்தனை பொறுமை. வருகிற ஆளோடு மல்லுக்கட்டிப் பார்ப்பது, முடியாவிட்டால் பெட்டி மேலேயே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்த ஆள் வரவேண்டிய காலையில் கடையில் இஸ்திரிப் பெட்டி சூடு அடங்காமல் துணியைத் தீய்ப்பதாக போன் வந்தது. மகளுக்கு அந்தக் கோளாறு பிடிபடாது என்பதால் நானே கிளம்பினேன். பெட்டிச் சாவியை அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் மேசைமேல் துணி விரித்து அடுக்கி வைக்கச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மதிப்பு போடுகிற பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கண்ணில் சின்ன லென்ஸ், கையில் ஒரு காசு. மேசையைப் பார்த்தேன். கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி எல்லாம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

மகள் முகத்திலும் அதே பளபளப்பு. "எப்படி இருக்கு பாரும்மா. பல்பொடியும் எலுமிச்சையும் போட்டு, பழைய பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தேய்ச்சேன். வர்றவங்க முன்னாடி அழுக்கா வைக்கக் கூடாதில்ல?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சலவைக்காரி பெற்ற பெண். கறை என்று கண்டால் கை சும்மா இருக்குமா?

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனாடி இல்லையா?"

"தொடாதேன்னுதான் சொன்ன. இன்னிக்கு நீதானே எடுத்து வைக்கச் சொன்ன? தேய்க்காதேன்னு எப்பச் சொன்ன?"

அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவள் விரல்களைப் பார்த்தேன். என் காசுகளின் கறுப்பெல்லாம் நகக்கண்ணில் ஏறியிருந்தது. அத்தனை ஆசையாகத் தேய்த்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். அவர் முன்னால் அழுவேனா?

"திருடன் எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட கறுப்போடதான் எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றேன். அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "வீட்டு ஆளே தேய்ச்சா உங்க இன்சூரன்ஸ் தருமா?"

"தீ, திருட்டுக்குத்தாம்மா. பாசத்துக்குத் தர்றதில்ல." லென்ஸை எடுத்தாள். "தேய்க்கறதுக்கு முன்னாடி பார்த்திருந்தா இந்த ரெட்டைத் தலை ஒண்ணே உங்க லாக்கர் வரம்பைத் தாண்டியிருக்கும். இப்ப என்னால எடைக்குத்தான் எழுத முடியும். மன்னிச்சுக்கங்க."

மகளின் முகத்திலிருந்து பளபளப்பு போய்விட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "அம்மா..." என்றாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் வேறு கவலை. "எடைக்குன்னா எவ்வளவு வரும்?"

அவள் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. "இதுக்கா வருஷா வருஷம் லாக்கர் வாடகை கட்டறது?"

"லாக்கரே தேவையில்ல சார். வரம்புக்கு ரொம்பக் கீழ. வீட்டுலயே வச்சுக்கலாம், காப்பீடு உண்டு."

அவர் ஏதோ போன் வந்ததுபோல் எழுந்து உள்ளே போனார். 'நம்ம வெள்ளி' மறுபடியும் அத்தையின் ஓட்டைக் காசாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, சிரிப்பும் வந்தது. தோற்றேனா ஜெயித்தேனா என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை. மகளிடம் கையை நீட்டினேன். அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள், கையை எடுக்கவில்லை.

"இது திரும்பக் கறுக்குமாம்மா?"

"கறுக்கும். காத்து பட்டுப் பட்டு, அது இஷ்டத்துக்குக் கறுக்கும். நீ கிட்ட வராம இருந்தாப் போதும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் காசுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மின்னுகிற ரெட்டைத் தலை யாரோ அந்நியர்போல் என்னைப் பார்த்தது. அதையும் வைத்து மூடிப் பூட்டினேன். எடை போட்ட தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு முப்பது வருஷம் கழிச்சு வந்து மறுபடி மதிப்பு போடுங்க," என்றேன்.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தாள். "முப்பது வருஷம் கழிச்சு நான் வேலைல இருக்க மாட்டேன்மா."

"அதனால என்ன? நான் இருப்பேன்," என்றேன்.