பதினஞ்சு நாள்

மருந்துக்கடையில் இருபது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் எத்தனை நாள் என்று சொன்னாலும் மனசுக்குள் அத்தனை மாத்திரையைக் கத்தரித்து வைத்துவிடுவாள். பத்து நாள் என்றால் பத்து. பதினஞ்சு நாள் என்றால் பதினஞ்சு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. தெருவில் அவளுக்கு மாத்திரை அக்கா என்றே பேர். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சட்டங்களில் ஒன்று, மூத்த மகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது. மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பெண் மருந்துப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரையும் கம்பெனியில் சேரப் போகிறேன் என்று நின்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். "நீ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சொன்னவள் அன்று இரவு வாசல் விளக்கை அணைக்காமலே வைத்திருந்தாள். ஆனால் வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மகளின் போன் நம்பர் அவளிடம் இருந்தது. அழுத்தத்தான் கை வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூத்தவளின் சிநேகிதி இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண். சில்லறையை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றாள்.

"ஆன்ட்டி, சொல்லலாமா வேணாமான்னு தெரியல. அவ இன்னும் பதினஞ்சு நாள்தான் இங்க இருப்பா. அப்புறம் கம்பெனியில வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. வர எப்படியும் மூணு வருஷம் ஆகும்."

மாத்திரை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். பிறகு, எதற்கோ கேட்பதுபோல, "எந்த ஹாஸ்டல்?" என்றாள். சிநேகிதி ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் மாத்திரை அக்கா கடைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். நாளைக்கு ஒன்று, நாளன்னைக்கு ரெண்டு. பதினஞ்சாவது நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில், "குட்டிக்குப் பரீட்ச முடிஞ்சதும் நாலு நாள் பெரிய ஊருக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள். அவள் புருஷன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவன். கற்றுக்கொள்கிறவன் காலைத் தூக்குவதற்குள் இவன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவதால் பிரேக் சார் என்று ஊரே கூப்பிடும். இருபத்தைந்து வருஷத்தில் அவளாகச் சுற்றுலா என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"உடம்பு எதுவும் சரியில்லையா?" என்றான்.

பன்னிரண்டு வயதுக் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு ஹோட்டல் தேட ஆரம்பித்தாள். நீச்சல்குளம் உள்ளது, மொட்டைமாடியில் ஊஞ்சல் உள்ளது, காலையில் பத்து வகை ஜூஸ் தருவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அம்மா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு லாட்ஜின் படத்தில் விரலை வைத்தாள். கீழே டயர் கடை, மேலே மூன்று மாடி.

"இதுல ஒருத்தர் எழுதியிருக்காரு, ராத்திரி பூரா லாரி சத்தமாம். இன்னொருத்தர், குளிக்கப் போனா பல்லி துணைக்கு வருதாம்" என்று குட்டி படித்துக் காட்டினாள்.

"சத்தம் எங்கதான் இல்ல. தெருப் பக்கத்து ரூமா கேளுங்க" என்றாள் அம்மா. லாட்ஜுக்கு நேர் எதிரேதான் மூத்தவள் இருக்கும் பெண்கள் விடுதி என்பது, துண்டுச் சீட்டில் விலாசம் பார்த்த அவளுக்கு மட்டும் தெரியும்.

நாள் குறிப்பதிலும் தகராறுதான். "வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட பரீட்ச முடியுது. சாயங்காலம் பஸ் ஏறினா சனிக்கிழமை விடியறப்ப அங்க இருக்கலாம். ஒரு நாள் மிச்சம்" என்றான் பிரேக் சார். கணக்கு சரிதான். ஆனால் அவள் சனிக்கிழமை காலை ரயில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பஸ்ஸில் இடுப்பு வலிக்கும் என்று ஒரு சாக்கும் சொன்னாள்.

உண்மை வேறே. அவளுக்குப் பயம். முன்கூட்டியே போய், அந்தப் பெண் மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டால், அப்புறம் மீதி நாளெல்லாம் எதிர்வாசலைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? கடைசி நாளில் போனால், திட்டினாலும் ஒரே நாளோடு போச்சு. ஞாயிற்றுக்கிழமை, வேலை இருக்காது, அறையில் இருப்பாள். காலையில் பார்த்து, மன்னிச்சுக்கடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவள் கடைக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவையும் முழுசாக வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லாட்ஜில் வந்து இறங்கினார்கள். அறை மூன்றாம் மாடி. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். எதிரே விடுதியின் இரும்புக் கதவு, மஞ்சள் விளக்கு. குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து திரையை இழுத்து மூடினாள்.

"ஏம்மா?"

"கொசு வரும்."

கொசு ஒன்றும் வரவில்லை. எங்கே மகள் நிமிர்ந்து பார்த்துவிடுவாளோ என்று பயந்து, அவள் தெருப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குத்தானே பதினஞ்சாவது நாள். லைட்டை அணைத்த பிறகும் அவள் தூங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு, பல்பொடி வாங்கி வருகிறேன் என்று இறங்கித் தெருவைக் கடந்தாள். விடுதிக்காரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தப் பொண்ணு நேத்தே கெளம்பிடுச்சேம்மா. ராத்திரி பிளேன்."

"நேத்தா? சனிக்கிழமையன்னிக்குப் பதினஞ்சு நாள்னாங்க, இன்னிக்கித்தானே பதினஞ்சு?"

"பதினஞ்சு நாள்னா ரெண்டு வாரந்தானே. சனிக்கிழமை சொன்னா சனிக்கிழமை." விடுதிக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவளோட அம்மாவா?"

ஊர் முழுக்கப் பதினஞ்சு நாள் என்று சொல்லி ரெண்டு வாரத்தைத்தான் நினைக்கிறது. அது அவளுக்கும் தெரியாததில்லை. தெரிந்தும், கடையில் எண்ணுகிற மாதிரி இதையும் எண்ணித் தொலைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"அம்மா விலாசம் வாங்கிக்கிட்டாங்களாம், வந்தாலும் வருவாங்கன்னு யாரோ சிநேகிதி சொல்லுச்சாம். நேத்து பூரா மாடிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா பாவம். டாக்ஸி ஆறு மணிக்கே வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொல்லி ஏழு வரைக்கும் நிக்க வச்சா. இதோ, இந்த எடத்துலதான் பெட்டி மேல உக்காந்திருந்தா. டிரைவர் சத்தம் போட்ட பெறகுதான் ஏறினா."

மாத்திரை அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள். சாதாரண சிமெண்டுத் தரை. நிமிர்ந்தால் நேரே லாட்ஜின் மூன்றாம் மாடி ஜன்னல். திரை இன்னும் மூடியே இருந்தது.

போனை எடுத்து, மூன்று வருஷமாக அழுத்தாத நம்பரை அங்கேயே நின்று அழுத்தினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதையே சொன்னது.

அறைக்குத் திரும்பியபோது குட்டி புதுச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். பிரேக் சார் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமையே கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றான் அவன். குரலில் கோபம்கூட இல்லை. "நானும் அவகிட்ட பேசி மூணு வருஷமாச்சு. பேசக் கூடாதுன்னு நீ சொன்னே. நெசமாத்தான் சொல்றேன்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன்."

குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முடிய கழுத்து வரைக்கும் வெட்டியிருந்தாங்களே, பெட்டி மேல உக்காந்திருந்தாங்களே, அவங்களாம்மா?" என்றாள். "மேலேருந்து மூஞ்சி சரியாத் தெரியல. நான் கை ஆட்டினேன். அவங்களும் ஆட்டினாங்க. அப்பத்தான் நீ திரைய மூடினே."