தாத்தாவுக்கு ஆரத்தி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், வருகிற கிறிஸ்துமஸுக்கு என் தட்டில் விழும் பிரியாணியில் எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லாமற் போகட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் சத்தியம் செய்ய முடியாது.

கோலார் தங்கவயல் சாலமனை எங்கள் சபை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஊழியத்துக்கு அனுப்பியது. தலையில் கைவைத்து ஜெபித்தபோதே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: இரண்டு வருஷம் ஊர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நடுவே கடலோ மலையோ கிடந்திருந்தால் மனசு ஆறிப்போயிருக்கும். கிடந்தது எங்கள் ஊருக்கே வந்து நிற்கும் மாரிக்குப்பம் பாசஞ்சர் வண்டி.

டிசம்பர் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் அந்த ஏரியாவே காலி. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் பஸ் பிடித்துவிட்டார்கள், சாலமனோடு கேரல் பாட வருவதாகக் கையடித்துச் சொன்னவர்கள் உட்பட. டோல்கேட்டின் தடுப்புக்கட்டை தானாக எழுந்து எட்டிப்பார்த்து, யாரையும் காணாமல் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

“டேய் சாலா, அண்டா அடுப்புல ஏறிடுச்சுடா. ரெண்டு மணி நேர வண்டி. கெளம்பி வாயேன்,” என்றாள் போனில் அவன் அம்மா தமயந்தி.

“ஊழியத்துல இருக்கேன்மா.”

“ஆமா, ஆண்டவரு அங்க மட்டுந்தான் பொறக்கறாரு! எங்களுக்கு லீவு வுட்டுட்டாரா?”

போனை வைத்த சாலமன் இரண்டு சட்டையைப் பையில் திணித்தான். போகும் வழியில் ஒரே ஒரு வாசலிலாவது இயேசு பிறந்தார் என்று பாடிவிட்டால் மனசாட்சி வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தான். கேரலுக்கு வாடகைக்கு எடுத்த கிறிஸ்துமஸ் தாத்தா அங்கியும் ரப்பர் முகமூடியும் கட்டிலில் கிடந்தன. ஒற்றை ஆளாய்த் தெருவில் பாடும் வெட்கம் அதற்குள் மறைந்துவிடும். மாட்டிக்கொண்டான்.

முதல் வரி எடுத்ததுமே தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. குரைக்கவில்லை, பாடின. கறுப்புநாய்க்கு பேஸ் குரல். காது கிழிந்தது டெனர். ஆல்டோவுக்கு மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. சினையாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அப்படியொரு பாடகர் குழு அமைந்தும் கேட்க ஆளில்லை. முகமூடிக்குள் அவன் விட்ட மூச்சு அவனிடமே திரும்பி வந்தது.

ஒரே ஒரு கேட் திறந்தது. பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கும் கன்னடக்காரி லட்சுமம்மா வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு, நடுவில் கற்பூரம் எரிகிறது.

“நில்லு தாத்தா. இன்னிக்கு உன் பொறந்தநாள்தானே?”

“அய்யோ அம்மா, எனக்கில்ல!”

“சும்மா இரு. ஊர் பூரா உன் படந்தான். மால்ல நீ, பேக்கரில நீ. கேக்குமேலயே குந்திட்டு இருக்கே!”

தட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டது. சாலமன் பதறி முகமூடியைப் பிய்த்தெடுத்தான்.

“அட, சின்னப் பையன்! மத்தெ, அப்போ பொறந்தநாள் யாருக்கு?”

அவன் வந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. பிரசங்கமெல்லாம் மறந்துபோயிற்று.

“ஒரு பொண்ணும்மா, நெறமாசம். வெளியூர்ல வந்து நின்னா, தங்க எடமில்லன்னுட்டாங்க. மாட்டுக் கொட்டாயில பெத்து, தீவனத் தொட்டியில படுக்க வெச்சா. அந்தக் கொழந்தைதான் எங்க சாமி. பேரு இயேசு.”

“சாமிதானே? அரமனைல பொறந்தா ஆகாதா?”

“எடமில்லாதவங்களோட இருக்கத்தான் வந்தாரு.”

சொன்னது அவன் காதிலேயே புதிதாக விழுந்தது.

லட்சுமம்மா இருண்ட ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தாள். “எல்லா ரூமும் காலி, நோடு, பாரு. அந்தம்மா இங்க வந்திருந்தா கீழ் ரூமைத் தொறந்து விட்டிருப்பேன். வெந்நீர்கூட வருது.” தட்டைப் படியில் வைத்தாள். “ஊட்டா ஆய்தா? சாப்பிட்டியா? சித்ரான்னம் இருக்கு. தனியா திங்கப் புடிக்கல தம்பி.”

பையைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, எலுமிச்சை மணக்கும் சோற்றைத் தின்றான். பிறகு முகமூடியில்லாமல் அதே பாட்டைப் பாடினான். இந்தமுறை நாய்கள் பாடவில்லை, மரியாதையாகக் கேட்டன. ஆல்டோ அவன் காலில் தலைவைத்துத் தூங்கியது.

போன் அடித்தது. “வண்டி ஏறிட்டியா?”

“இல்லம்மா. இங்கயும் பொறந்துட்டாரு.”

மறுமுனையில் அண்டாவை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அன்றிரவே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் வண்டியைவிட்டு இறங்கிய சாலமனின் பையை வாங்கி வீடுவரை தூக்கி வந்தவனும் நான்தான்; எலும்பு எனக்கே.