ஓடைக்கு அப்பால் எவருமில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதையில் எழுதிய பொய்யாக இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், சிலர் பாராட்டக்கூடச் செய்வார்கள். இது அரசாங்கக் குறிப்பில் எழுதிய பொய். முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, உள்ளூர் வாரப் பத்திரிகையில் அச்சாகி வந்தது.

"பேட்ஜர் ஓடைப் பாலத்துக்கு அப்பால் நிரந்தரமாக வசிப்பவர் எவருமில்லை."

ஏழு சொற்கள். இலக்கணப் பிழை கிடையாது. அப்பால் ஒருத்தி வசித்தாள் என்பது மட்டும்தான் பிழை.

அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவில், ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு, நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கவுண்டிக் குழு கூடும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மூன்று பேர். களை மருந்து, சரளைச் சாலை, பனி தள்ளும் வண்டியின் உடைந்த பிளேடு என்று பேசுவார்கள். பேசுவதைக் குறிப்பாக எழுதுவது என் வேலை. கணவருடைய மருத்துவமனை வேலைக்காக இங்கே வந்தோம். நாங்கள் பிரிந்தபின் அவர் டெக்சாஸ் போனார், நான் இருந்துவிட்டேன். இருபத்துமூன்று வருடம். என் பெயர் வளர்மதி, இங்கே எல்லாருக்கும் 'வால்'. தமிழில் அதற்கு என்ன பொருள் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

2

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

முதல் தொடக்கம்: "மார்ச் மாதத்து வெண்பனி, கோதுமை வயல்களின்மேல் ஒரு..."

வேண்டாம். பனியில் தொடங்கினால் நீங்கள் பனியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பொய் சொன்னவள் தப்பித்துவிடுவாள்.

இரண்டாவது: "குழுத் தலைவர் டெல்மர் ஹாஃபர்ட் ஒரு கெட்ட..."

இதையும் முடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

டிசம்பரில் ஆர்டிஸ் ட்வைட்டை ஒரு பசு இரும்புக் கேட்டோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஆர்டிஸுக்கு அறுபத்துமூன்று வயது. பாலத்துக்கு அப்பால், ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவே, தனியாக நூற்றுப்பத்து மாடுகளை வைத்துப் பிழைப்பவள். கால் இரண்டு இடத்தில் உடைந்தது. சமையலறை வரை ஊர்ந்து வந்து போன் செய்தாள். ஆம்புலன்ஸ் பாலத்தின் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது, அந்த எடையைப் பாலம் தாங்காது என்று. ஐந்து மைல் தள்ளியிருக்கும் டெல்மர்தான் தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். எழுபது வயதில் அவளைக் கம்பளியோடு தூக்கி, முன் இருக்கையில் கிடத்தி, திரும்பவும் பாலத்தைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தார்.

இந்த ஆளைக் கெட்டவராக எழுதித் தொலைத்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். எழுத்துக் கலை தெரிந்தவர்கள் அவருக்கு ஒரு சூழ்ச்சி, ஒரு நிலப் பேராசை எல்லாம் வைப்பார்கள். என்னால் முடியாது. இருந்ததுதான் இருந்தது.

3

மார்ச் கூட்டம். ஆர்டிஸ் அப்போது ஊருக்குள் தங்கை வீட்டில், காலில் இரும்புச் சட்டத்தோடு. மாடுகள் பக்கத்துப் பண்ணைக்காரரிடம். உறுப்பினர்களில் ஜோலீன் ஷாட்ஸ் வரவில்லை, அவர் வீட்டில் பசுக்கள் கன்று போட்டுக்கொண்டிருந்தன. டெல்மரும் லைல் புருன்ஸ்டும் மட்டும் இருந்தார்கள். லைல் பதினோரு வருடமாகக் குழுவில் இருக்கிறார். "வழிமொழியறேன்" என்பதைத் தவிர அவர் சொன்னதாக என் குறிப்புகளில் அதிகம் இல்லை.

பாலம் துருப்பிடித்துவிட்டது, எடுத்துவிடலாம் என்று பொறியாளர் கடிதம் எழுதியிருந்தார். எடுத்துவிட டெல்மர் முன்மொழிந்தார். லைல் வழிமொழிந்தார். அப்பால் யார் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபின் டெல்மர் ஒரு காகிதத் தட்டில் கேரமல் ரோல் என்ற இனிப்பு ரொட்டியில் பாதியோடு என் மேசைக்கு வந்தார்.

(இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி 'யூ' தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்று நான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவர் என்னை 'நீ' என்றும் நான் அவரை 'நீங்க' என்றும் வைத்துக்கொள்கிறேன். அன்று அவர் சொன்னதை நான் ஏன் செய்தேன் என்பது இதிலேயே ஓரளவு விளங்கும்.)

"வால், இந்தா, உனக்குத்தான். ஒரு வரி சேர்த்துக்கோ."

"என்ன வரி?"

சொன்னார்.

"ஆர்டிஸ் அங்கதானே இருக்காங்க?"

"இப்ப இருக்காளா? தங்கச்சி வீட்லதானே கெடக்கா. ஆள் இருந்தா பொது விசாரணை வைக்கணும்னு நம்ம விதி. விசாரணை வச்சா அவ வருவா. வந்தா அவதான் ஜெயிப்பா, உனக்கே தெரியும். அப்புறம் அந்தப் பாலத்துலயே ஒருநாள் வண்டியோட ஓடைக்குள்ள போவா." ரோலைக் காட்டினார். "சாப்பிடு, ஆறிடும்."

தட்டச்சு செய்தேன். ரோலையும் தின்றேன்.

ஏன் எழுதினேன் என்பதற்கு ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். வந்தேறியின் பயம், தனியாக இருப்பவளின் வேலை, இப்படியெல்லாம். எடுத்துவிட்டேன். நல்ல மனிதர் கேட்டார், எழுதிவிட்டேன். இதைவிடக் கௌரவமான காரணம் என்னிடம் இல்லை.

* அடிக்குறிப்பு: ஏப்ரல் கூட்டத்தில் அந்தக் குறிப்பு ஏற்கப்பட்டது. படிக்காமலே கைதூக்கினேன் என்று ஜோலீன் பின்னால் சொன்னார். குறிப்பைப் படிக்கிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. தங்கை வீட்டுச் சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, பத்திரிகையில் மாட்டுச் சந்தை விலைக்குக் கீழே அதைப் படித்த ஒருத்தி இருந்தாள்.

4

மே மாதம், இரண்டாம் செவ்வாய்.

கொடிக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஜோலீனும் வந்திருந்தார். பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம், டெல்மர் தன் போனில் கணக்கு வைப்பார். வழக்கமாக யாரும் வருவதில்லை. அன்று கதவு திறந்தது. கைத்தடி முதலில் வந்தது, பின்னால் ஆர்டிஸ் வந்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் போடும் பழுப்பு மேலங்கியோடேயே.

"தலைவரே," என்றாள். டெல்மரும் அவளும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள். அவள் 'தலைவரே' என்றால் நல்லதற்கில்லை.

"சொல்லு ஆர்டிஸ். கால் எப்படி இருக்கு?"

"காலைப் பத்திப் பேச எனக்கு மூணு நிமிஷம் போதாது. மார்ச் குறிப்புல ஒரு வரி தப்பு, திருத்தணும். ஓடைக்கு அந்தப் பக்கம் யாருமில்லன்னு போட்டிருக்கு."

"அப்ப நீ அங்க இல்லையே."

"உன் பொண்டாட்டி குளிருக்குப் பயந்து வருஷத்துல நாலு மாசம் அரிசோனாவுல இருக்கா. அவ பேரையும் உன் வீட்லேர்ந்து அடிச்சுடட்டுமா?"

லைல் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"பாரு ஆர்டிஸ். நான் உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப அந்தப் பாலம் என் வண்டிக்குக் கீழ முனகுச்சு. நான் கேட்டேன். நீ வலியில கத்திட்டிருந்தே, உனக்குக் கேக்கல."

"சரி. தூக்கிட்டு வந்தே, நன்றி. போன டிசம்பர்லயே சொல்லிட்டேன். இப்பவும் சொல்றேன். ஆனா என்னைக் காப்பாத்தறதுக்கு என்னையே இல்லாம ஆக்கிட்டியே, அது எந்த ஊர் நியாயம்?"

டெல்மர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கூட்டத்துல சொன்னதைத்தான் எழுதியிருக்கு. இல்லையா வால்?"

5

இந்த இடத்துக்கு மூன்று வடிவங்கள் எழுதினேன்.

முதல் வடிவத்தில் நான் எழுந்து நின்று, கணீரென்ற குரலில்...

இரண்டாவதில் நான் தலைகுனிந்து மௌனமாக, ஒரு துளிக் கண்ணீர் விசைப்பலகையில்...

இரண்டும் பொய். நடந்தது மூன்றாவது. நான் "ஆமா" என்றேன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. 'ஆமா' என்பது சிறிய சொல். முதல் பொய்க்கு ஏழு சொற்கள் தேவைப்பட்டன, இரண்டாவதுக்கு ஒன்று போதுமாக இருந்தது. ஒரு கதாபாத்திரமாக என்னை எனக்கே பிடிக்காமல் போனது இந்த வரியில்தான். அடித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, நீங்கள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. அடிக்கமாட்டேன்.

டெல்மரின் போன் கீச்சிட்டது. மூன்று நிமிடம் முடிந்தது.

"நேரம் ஆச்சு ஆர்டிஸ். உக்காரு."

"கால் மடங்காது."

"அப்ப வெளிய போ."

"போகலன்னா?"

"கீழ ஷெரிப் ஆபீஸ்ல ஆள் இருக்கு. கூப்பிட வச்சிடாத."

"கூப்பிடு. வந்து யாரைத் தள்ளுவான்? அங்கயும் நான் இல்ல, இங்கயும் நான் இல்ல. இல்லாத பொம்பளையைக் கையைப் பிடிச்சு வெளிய விடறதுக்கு என்ன படிவம்னு வாலைக் கேட்டுச் சொல்லு."

அவள் நின்றாள். கைத்தடியில் இரண்டு கைகளையும் வைத்து, போன் கீச்சிட்டுக்கொண்டேயிருக்க, நின்றாள். அந்தக் கால் நடுங்குவது மேசைக்குப் பின்னாலிருந்த எனக்குத் தெரிந்தது. அவள் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அவள் சொன்னதை, அவர் சொன்னதை, ஷெரிப்பை, எல்லாவற்றையும்.

"வால், எழுதாத. அவ நேரம் முடிஞ்சாச்சு."

"கூட்டம் முடியலையே."

"எழுதாதன்னேன்."

"எழுதறேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இன்னொண்ணும் எழுதறேன். அந்த வரியைக் கூட்டத்துல யாரும் சொல்லல. முடிஞ்சப்புறம் நீங்க வந்து சொன்னீங்க, நான் சேர்த்தேன். இப்ப ஆமான்னு சொன்னதும் பொய். ரெண்டும் என் தப்பு. குறிப்புல போட்டுட்டேன்."

எந்தக் கைதட்டலும் இல்லை. அறையில் மொத்தம் ஐந்து பேர், ஒருவர் போனை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

ஜோலீன்தான் பேசினார். "மார்ச் குறிப்புலேர்ந்து அந்த வரியை எடுக்கணும், அங்க ஒருத்தர் வசிக்கிறார்னு சேர்க்கணும்னு முன்மொழியறேன்."

எல்லாரும் லைலைப் பார்த்தோம். பதினோரு வருடத்தில் முதல் முறையாக லைல் வழிமொழியவில்லை. தன் விரல் நகங்களைப் பார்த்தார்.

"வழிமொழிய யாராவது உண்டா?" என்று டெல்மர் கேட்டார். கேட்க வேண்டியது அவர் கடமை. வெளியே ஒரு தானிய லாரி கியர் மாற்றிப் போகும் அளவுக்கு நேரம் போனது. "சரி," என்றார். "நானே வழிமொழியறேன். அவ அங்கதான் இருக்கா. ஆனா ஆர்டிஸ், அந்தப் பாலம் போயாகணும்."

"வந்து எடுத்துப் பாரு," என்றாள் ஆர்டிஸ். பிறகுதான் நாற்காலியைத் தேடினாள்.

6

இங்கேயே முடித்தால் நல்ல கதை. அதனாலேயே முடிக்கமாட்டேன்.

ஜூனில் விதிப்படி பொது விசாரணை நடந்தது. அறை கொள்ளாமல் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். லைல் பாலத்தை எடுக்கச் சொன்னார், ஜோலீன் கூடாது என்றார். முடிவு டெல்மரின் ஓட்டில் நின்றது. அவர் நீண்ட நேரம் காகிதங்களை அடுக்கிவிட்டு, அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். ஜூலையில் ஆகஸ்டுக்கு. ஆகஸ்டில் செப்டம்பருக்கு. இப்போது அக்டோபரும் போய்விட்டது. நடுவில் பாதுகாப்புக்கு என்று பாலத்தின் வாயில் இரண்டு கான்கிரீட் கட்டைகளை வைத்தார்கள். ஆர்டிஸ் டிராக்டரால் அவற்றைப் புரட்டி ஓரம் தள்ளினாள். திரும்ப வைத்தார்கள். திரும்பத் தள்ளினாள். ஐந்து தடவை. ஐந்தும் குறிப்பில் இருக்கின்றன, தேதியோடு. என் கோப்பிலும் ஒரு கண்டனக் கடிதம் இருக்கிறது. அதற்கு நானே எண் போட்டு வைத்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் நானே அங்கே போயிருந்தேன். ஆர்டிஸ் மாடுகளைச் சிறு சிறு கூட்டமாகப் பாலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். இக்கரையில் டெல்மரின் பிக்கப் நின்றது. கண்ணாடி ஏற்றி, இன்ஜின் ஓட, பின்பக்கம் கயிறும் கொக்கியும் கிடக்க. கடைசி மாடும் அவளும் கடந்து முடியும் வரை இருந்தார். அவள் கை காட்டவில்லை, அவரும் காட்டவில்லை. நான் அவருடைய கண்ணாடியைத் தட்டினேன்.

"அடிக்கடி வருவீங்களா?"

"அவ கடக்கறப்பல்லாம்." கியரைப் போட்டார். "இதைக் குறிப்புல போட்டுடாத வால்."

குறிப்பில் போடவில்லை. இது கதை.

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் பாலம் இடிந்து டெல்மர் கொக்கியோடு இறங்குகிறார். ஒன்றில் அவர் பாலத்தைக் காப்பாற்றி ஓட்டுப் போட்டுவிட்டு ராஜினாமா செய்கிறார். இன்னொன்றில் ஆர்டிஸ் தானாகவே மனம் மாறி ஊருக்குள்...

கதை முழுவதையும் அந்த மூன்றாவது முடிவோடு அவளிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை ரொம்ப நல்லவளா எழுதியிருக்க," என்றாள். "தொண்ணூத்தெட்டுல டெல்மரோட நாயைச் சுட்டேன். கன்னுக்குட்டியைக் கடிச்சுதுன்னு சொன்னேன். கடிக்கல, குரைச்சுது, அவ்வளவுதான். அதையும் போடு."

போட்டுவிட்டேன்.

"முடிவு?"

"நான் இன்னும் போகலையே, அதுக்குள்ள எதுக்கு முடிக்கிற? உனக்கு வேற வேலை இல்லையா?"

அதனால் முடிக்கவில்லை. நவம்பர் இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பது மணி, இரண்டாம் மாடி. பொதுக் கூட்டம்தான், கதவு திறந்திருக்கும். அந்தப் பாலம் நிற்கலாமா, போகலாமா, அவள் மாடுகளோடு எந்தக் கரையில் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதை வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதை மட்டும்.