அப்பா எத்தனை மணிக்கு வந்து சேருவார்?

அப்பாவின் முதல் வருஷப் படையலை என்றைக்கு வைப்பது என்று எனக்கும் மால்-ஜா அக்காவுக்கும் மூன்று நாளாய்ச் சண்டை. போன வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணனோடு இருந்தபோது அப்பா இறந்தார். ஜூன் பன்னிரண்டு, காலை ஒன்பது மணி. இங்கே, எங்கள் ஊர் இஞ்சோனில், அப்போது பதிமூன்றாம் தேதி, விடிகாலை ஒரு மணி. படைக்க வேண்டியது மூத்த பிள்ளை. அண்ணனோ தேவாலயத்தில் சேர்ந்ததிலிருந்து ஜெபத்தோடு சரி. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"பன்னிரண்டுதான்டா. செத்தவரு எந்தக் கடிகாரத்துல செத்தாரோ, அதான் கணக்கு" என்றாள் அக்கா.

"சாப்பிட வரப்போறது இங்கதானேக்கா? நம்ம தேதி பதிமூணு."

"அங்கேருந்து கிளம்பி வர வேணாமா? அது எத்தனை மணி நேரம்?"

எனக்குத் தலை சுற்றியது. ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அப்பா படுத்த படுக்கை என்று சேதி வந்து நான் போனபோது பதினொரு மணி நேரம். திரும்பும்போது அதே தூரம் பதிமூன்று. எதிர்க்காற்றாம். ஆவிக்கும் எதிர்க்காற்று உண்டா, என்ன எழவோ! காலண்டர் தாளின் பின்னால் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒருமுறை பன்னிரண்டு வந்தது, மறுமுறை பதினாலு வந்தது.

"ஏங்க, மாமாவுக்கு டிக்கெட்டா எடுக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி யோன்-சில். "அண்ணி சொல்ற நாளே இருக்கட்டும். ஒரு நாள்ல என்ன குடியா முழுகிடும்?"

"முழுகும்!" என்று கத்திவிட்டேன்.

பர்ஸில் மடித்து வைத்திருந்த பழைய டிக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டேன்.

"பாருக்கா. நான் ஏறினது பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ரெண்டரை. அப்பா போனதும் பன்னிரண்டுன்னா, காலையிலயே செத்தவரைப் பார்க்க மத்தியானம் ஆடி அசைஞ்சு கிளம்பின பிள்ளைன்னு ஆகுது."

"லூசாடா நீ? நீ ஏறும்போது அங்க முதல் நாள் ராத்திரி. அவரு உயிரோடதான் இருந்தாரு."

"தெரியும்க்கா. அதான் வயிறு எரியுது. அன்னைக்குக் காலையில பத்தரை விமானத்துலயே இடம் இருந்துச்சு. அப்பாவுக்குக் கருவாடு பிடிக்குமேன்னு, கடை திறக்கட்டும்னு காத்திருந்தேன்."

அக்கா டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதிமூணே இருக்கட்டும்" என்றாள்.

பதிமூன்றாம் தேதி பொழுது சாய, அப்பா உள்ளே வர வாசல் கதவைத் திறந்து வைத்தோம். சோறு, சூப், அதே கடையில் வாங்கிய கருவாடு. அப்பா எடுத்துச் சாப்பிட சோற்றில் ஸ்பூனைக் குத்தி நிறுத்திவிட்டு விழுந்து கும்பிட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னேன்:

"அப்பா, அந்த டிக்கெட்டுல நான் இறங்கின நேரம் அதே பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரைன்னு போட்டிருக்கு. கிளம்பறதுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே வந்துட்டேம்ப்பா. அப்படியும் அரை மணி நேரம் லேட்டாயிடுச்சு."