ஏழு மணிக்கு டேவிட்சன்

செத்து இரண்டு வருஷமான மனுஷன் தினம் காலை ஏழு மணிக்கு டிவியில் செய்தி வாசித்தால் எந்தப் பெண்டாட்டி நிம்மதியாகக் காபி குடிப்பாள்? ஜூலியட் டீச்சர் குடித்தாள். அதோடு விட்டாளா, அவருக்கும் ஒரு டம்ளரை எதிரே வைத்துக்கொண்டுதான் உட்காருவாள்.

டேவிட்சன் திருத்துறைப்பூண்டி கேபிள் சேனலில் இருபது வருஷம் வாசித்தவர். அவர் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால் சனங்கள் விதை தெளிப்பார்கள். புயல் என்றால் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். அப்போது ஊரில் மூன்று சேனல், ஒரு பேப்பர். ஒருத்தன் மறைத்ததை அடுத்தவன் போட்டு உடைப்பான். அப்புறம், ஒரே ஆள் எத்தனை சேனல், பேப்பர் வேண்டுமானாலும் வாங்கலாம், கேட்க நாதியில்லை என்று ஆனது. ஒரு கம்பெனி நாலையும் வாரிச் சுருட்டிக்கொண்டது.

டேவிட்சன் மாரடைப்பில் போன மறுமாதம் கம்பெனிக்காரன் வந்தான். "சாரோட பழைய பதிவை வச்சு கம்ப்யூட்டரே அவர் குரல்ல வாசிக்கும் டீச்சர். ஒரு கையெழுத்துப் போதும்."

அந்தக் குரல் வீட்டில் கேட்டால் போதுமென்று போட்டுக்கொடுத்தாள், பாவி. தொண்டையைச் செருமுவதைக்கூட அப்படியே செய்தது.

போன செவ்வாய்க்கிழமை குரல் செருமியது. "இன்று நடக்கவிருந்த இறால் பண்ணை கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது."

ஜூலியட் டம்ளரைக் கீழே வைத்தாள். கூட்டம் அவள் பள்ளிக்கூடத்தில்தான், பத்து மணிக்கு. முந்தின சாயங்காலம் நாற்காலி இறக்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பண்ணையும் சேனலை வாங்கிய அந்தக் கம்பெனியுடையதுதான். வந்தால் உப்புத்தண்ணீர் ஏறி வயலெல்லாம் பொட்டலாகும், டேவிட்சன் ஆசையாய் வாங்கிய மூணு மா நிலம் உட்பட.

ஓடினாள். வாய்க்கால் மதகில் பஞ்சநதம் பத்துப் பேரோடு களை பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர்.

"அண்ணே, கூட்டம் இன்னைக்குத்தான். எல்லாரும் வாங்க."

"என்ன டீச்சர், காலையில சாரே சொன்னாரே, தள்ளிப்போச்சுன்னு."

"ஐயோ, அவர் செத்து ரெண்டு வருஷமாச்சுண்ணே! நீங்கதானே பெட்டியைத் தூக்கினீங்க?"

பஞ்சநதம் தலையைச் சொறிந்தார். "தூக்கினேன் டீச்சர். இல்லேங்கல." அவளைப் பாவமாகப் பார்த்தார். "ஆனா சார் பொய் சொல்ல மாட்டாரே."

பத்துப் பேரும் அவர் பின்னால் வயலில் இறங்கிவிட்டார்கள்.

பத்து மணிக்கு நூறு நாற்காலியில் அவள் ஒருத்தி. எழுந்து நின்று, பண்ணை வேண்டாம் என்றாள். அதிகாரி தலையாட்டினார்.

மறுநாள் ஏழு மணி. செருமல்.

"இறால் பண்ணைக் கூட்டம் நேற்று அமைதியாக நடந்தது. ஒருவர்கூட எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை."

ஜூலியட் எதிரே இருந்த டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள். "நான் சொன்னேனேங்க. எழுந்து நின்னு சொன்னேனே."

கேட்டதுபோல் அவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார்.