எடுத்துக்கொடுத்த வசனம்

அண்ணனின் நாடகக் குழுவுக்கு நிதி திரட்ட ஒரு விருந்து என்றால், வேறு எங்கே, தங்கையின் வீட்டில்தான். வந்திருக்கும் பெரிய மனிதர்களில் ஒருவராவது மனம் வைக்காவிட்டால், கூரை ஒழுகும் கொட்டகையை மழைக்கு முன் காலி செய்ய வேண்டியதுதான். குழுவும் கலைந்துபோகும்.

குழுவில் அவளுக்கு வேலை திரைக்குப் பின்னால். மேடையில் யாராவது வசனத்தை மறந்தால், மெல்லிய குரலில் எடுத்துக்கொடுப்பாள். அண்ணனுக்கு மறந்துவிட்டால் கை தானாக வலது காதுக்குப் போகும். போகவில்லையென்றால், வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று அர்த்தம். அப்போது வாய் திறந்தால் இடைவேளையில் திட்டு விழும்.

கூடத்தில், குழுவே பெரியக்கா என்று கூப்பிடும் நடிகை தேநீர்த் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தாள். குழு தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் கதாநாயகி. வேலைக்கு ஆள் வைக்க வக்கில்லாத குழுவில் கதாநாயகிதான் தட்டும் ஏந்த வேண்டும். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததே கிடையாது.

விருந்தாளிகளில் ஒருவரான மர வியாபாரி கேக்கை நிதானமாக மென்று முடித்தார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“கூரை முழுசும் நானே போட்டுத் தரேன். ஆனா புது நாடகத்துல என் மருமக கதாநாயகியா நடிக்கட்டும். அந்தம்மாவையே இன்னும் எத்தனை வருஷம்தான் பாக்கறது?”

அந்தம்மா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தட்டோடு நின்றாள். எல்லோரும் அண்ணன் வாயையே பார்த்தார்கள். அவன் பேசுவதாயில்லை. சமையலறை வாசலில் நின்ற தங்கை அவன் கையைப் பார்த்தாள். அவன் கை காதுக்குப் போகவில்லை. அது தெரிந்தும் பொறுக்க மாட்டாமல், பழக்கதோஷத்தில் எடுத்துக்கொடுத்தாள்.

“அவங்க இல்லாம நாடகமே இல்ல சார்.”

மேடையில் நின்று பழகிய காதுகளுக்கு மட்டுமே எட்டும் குரல். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு வியாபாரியைப் பார்த்துச் சிரித்தான்.

“மருமகளை ஒத்திகைக்கு வரச் சொல்லுங்க சார். பாத்துக்கலாம்.”

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பெரியக்கா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

“நீ எடுத்துக்கொடுத்தது எனக்குக் கேட்டுச்சு. பாவம், உங்க அண்ணனுக்குத்தான் கேக்கல போல.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியக்கா அதைப் பிடித்துக்கொண்டு ஆறிவிடுவாள், குழுவும் உடையாது. ஆனால் இத்தனை வருஷமாகத் தன் வாயிலிருந்து சரியான வசனத்தையே வாங்கிப் பழகியவளிடம் பொய் சொல்லத் தங்கைக்கு நாக்கு எழவில்லை.

“நல்லாவே கேட்டுச்சுக்கா. என்னைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னாரு.”

பெரியக்கா தலையாட்டினாள். இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி, மடித்து, அடுப்பு மேடைமேல் வைத்தாள். பின்வாசல் பக்கத்திலேயே இருந்தது. அவளோ கூடத்தின் நடுவே நடந்து முன்வாசல் வழியாகத்தான் போனாள். மர வியாபாரி வழிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

கதவு சாத்தியதும் அண்ணன் அவசரமாக நன்றியுரையைத் தொடங்கினான்.

“நம்ம குழு ஒரு குடும்பம் மாதிரி. இத்தனை வருஷத்துல யாரையும் நாங்க…”

நின்றுவிட்டான். கை வலது காதுக்குப் போயிற்று. கண் சமையலறை வாசலைத் தேடியது.

உரையை எழுதிக் கொடுத்தவளே தங்கைதான். ‘கைவிட்டதில்ல’ என்று அடுத்து வரும். அவள் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.