பால்காரர் கிடைத்தார்

காணாமல் போய்ப் பதினோரு வருஷம் கழித்துப் பால்காரர் கிடைத்தார். மழை பொய்த்துக் குளம் வற்றியதும் சேற்றுக்குள்ளிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் தலை நீட்டியது. இரண்டு பால் கேன்களும் கட்டியபடியே இருந்தன. வண்டிக்கு அடியில் எலும்புகள்.

அவர் வீடு திரும்பாத மறுநாளே அவருடைய மனைவி தையல்காரி, கரையில் சறுக்கியிருந்த டயர் தடத்தைக் காட்டி, குளத்தை இறைக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"கதிர் பால் பிடிக்கிற நேரம். தண்ணிய இறைச்சிட்டா வயலு என்னாகும்?" என்றார் ஊர்த் தலைவர்.

ஆள் எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. ஊரில் எந்தப் பெண்ணும் காணாமல் போகவில்லை என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. போலீஸ்காரருக்கும் வேலை மிச்சம். கூடப் பிறந்த தம்பியே, "அண்ணன் எங்கயோ ராஜா மாதிரி இருப்பாரு, அண்ணி" என்று வாய் கூசாமல் சொன்னான். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள், அவளுக்கு என்ன குறை என்று அவளையே அளவெடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அதே ஊர் கரையில் நின்று உச்சுக் கொட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார்.

"இங்கயேதான் இருந்திருக்காரும்மா. எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

தையல்காரிக்கு அழுகை வரவில்லை.

"ஆமாங்க, எங்கயும் ஓடிப்போகல. வருஷா வருஷம் உங்க வயலுக்குத்தான் தண்ணியோட பாஞ்சிருக்காரு. விளைச்சல் நல்லா இருந்துச்சா?"